புற்றுநோய் வைத்தியமும் புரத உணவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடைகளிலே கல்வியைப் பற்றிப் பேசுகிறோம். ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறோம். மதுவிலக்கைப் பற்றியும் பேசுகிறோம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு நோயாளியின் சாப்பாட்டுக் கோப்பை. இது விழா மேடைக்கு ஏற்ற பொருளா என்று சிலர் நினைக்கலாம். புற்றுநோய் வந்த வீட்டில், மருந்துக்கு அடுத்தபடியாக உயிரைத் தாங்கி நிற்பது அந்தக் கோப்பைதான். அதிலே நம் தோட்டங்களில் நடக்கும் பிழைகள் பல. அவற்றைப் பேச இதைவிட நல்ல சபை நமக்கு வாய்க்காது.

ஒருவருக்குப் புற்றுநோய் என்று டொக்டர் சொன்ன உடனே, லயத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முதலாவது பத்தியம். முட்டை சூடு என்பர். மீன் கிரந்தி என்பர். பருப்பு வாய்வு என்பர். பால் சளி என்பர். ஒவ்வொரு உறவினரும் அன்பினாலேதான் ஒவ்வொன்றாக விலக்குகிறார்கள். இரண்டாவது, டின். பட்டணத்தில் யாரோ சொன்னார்கள் என்று, தோட்டை அடகு வைத்தாவது, வட்டிக்கு வாங்கியாவது, புரத மா அடைத்த டின் ஒன்று வாங்கி வருகிறார்கள். பல நாட் சம்பளத்தை ஒரே டின் விழுங்கிவிடுகிறது. சில நாட்களில் அது முடிந்துபோகும். அல்லது முடிந்துவிடுமே என்ற பயத்தில் அரைக் கரண்டி, கால் கரண்டி என்று கரைத்துக் கொடுப்பார்கள். கடைசியில் நோயாளிக்கு மிஞ்சுவது வெறுங் கஞ்சியும் சாயத்தண்ணீரும்தான். முட்டையையும் பருப்பையும் வாசலில் நிறுத்திவிட்டு, அவற்றில் உள்ள அதே சத்தைப் பத்து மடங்கு விலை கொடுத்து டின்னில் தேடுகிறோம். இந்த முரணைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

புரதம் என்பது யாது? 1838ஆம் ஆண்டிலே முல்டர் என்ற ஒல்லாந்து இரசாயன அறிஞர் இச்சத்துக்கு உலகறிந்த பெயரை எழுதி வைத்தார். முதன்மையானது என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. நம் தசை புரதம். புண்ணை ஆற்றும் புதுத்தோல் புரதம். கிருமியோடு போராடும் இரத்த அணுக்களும் புரதம் கொண்டே ஆனவை. புற்றுநோய்க்கான மருந்தும் கதிர்ச் சிகிச்சையும் நோயுற்ற அணுக்களை அழிக்கும்போது நல்ல அணுக்களிலும் ஒரு பகுதி சேதமடைகிறது. அவற்றைத் திரும்பக் கட்டுவதற்குச் செங்கல் வேண்டும். அந்தச் செங்கல்தான் புரதம்.

நோயும் தன் பங்குக்கு உடலைக் கரைக்கிறது. புற்றுநோயால் உடலெங்கும் ஒரு வகை அழற்சி உண்டாகிப் பசியைக் கெடுக்கிறது, தசையையும் உருக்குகிறது. இம்மெலிவுக்கு 2011ஆம் ஆண்டில் பல நாட்டு வைத்திய அறிஞர்கள் கூடி ஓர் அளவு வகுத்தார்கள். ஆறு மாதத்துக்குள், தானாக விரும்பாமலே, உடல் நிறையில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் குறைந்தால் அது நோய்மெலிவின் அடையாளம். 50 கிலோ நிறையுள்ளவருக்கு அது இரண்டரைக் கிலோதான். முன்பே மெலிந்திருப்பவருக்கு இன்னும் குறைந்த இழப்பே ஆபத்தாகும். சேலை தளர்ந்துபோயிற்று, மோதிரம் கழன்று விழுகிறது என்று நாம் கவனிக்கும்போது காலம் கடந்திருக்கும்.

நம் மக்களுக்கு இது இரட்டைச் சுமை. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார மதிப்பீட்டின்படி, தோட்டப் பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதையும் எடுத்தால் அது 17. கோதுமை ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணீருமாக வளர்ந்த உடல், நோய் வருமுன்னரே சேமிப்பில்லாத உடல். வங்கியில் பணமில்லாதவனிடம் கடன்காரன் வந்து நிற்பதைப் போல் அங்கே நோய் வந்து நிற்கிறது.

அதிலும் எந்தப் புற்றுநோய் என்று பாருங்கள். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப்புற்று. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லும் பழக்கமே அதற்குத் தலையான காரணம். பாக்கு மட்டுமே தனித்துப் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. வாயிலே புண், தொண்டையிலே கதிர்ச் சிகிச்சை. உமிழ்நீர் வற்றிவிடும், நாக்கில் சுவை மாறிவிடும், விழுங்கும்போது நெருப்பை விழுங்குவது போல எரியும். இத்தகைய சிகிச்சை பெரும்பாலும் ஆறேழு வாரம் நீடிக்கும். உண்ண வேண்டிய வாயே நோயின் இடமாக இருப்பதனால், வாய்ப்புற்று நோயாளிக்கு உணவு என்பது வைத்தியத்தின் ஓர் அங்கமாகவே கருதப்பட வேண்டும். உடல் தாங்காமற் போனால் சிகிச்சையை இடைநிறுத்த நேரிடும். இடைநிறுத்தினால் அதன் பலன் குறையும். உணவில் தங்கியிருப்பது என்னவென்று இதிலிருந்து விளங்கும்.

இனி எவ்வளவு புரதம் வேண்டும் என்ற கணக்குக்கு வருவோம். சுகமாயுள்ள ஒருவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.8 கிராம் புரதம் போதும். புற்றுநோயாளிக்கு 1 கிராமுக்கு மேலும், இயலுமாயின் 1.5 கிராம் வரையும் வேண்டும் என்று ஐரோப்பிய போசாக்கு வைத்தியர் சங்கம் தன் வழிகாட்டலில் கூறுகிறது. 45 கிலோ நிறையுள்ள ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தால் அவருக்கு நாளொன்றுக்கு 54 கிராம் தேவை.

இந்த 54 கிராமை நம் தோட்டத்துக் கடையிலே தேடிப் பார்ப்போம். முட்டை ஒன்றில் 6 கிராம். இரண்டு முட்டைக்கு 12. பால்மா 25 கிராம் கரைத்த ஒரு கோப்பைப் பாலில் 6. இரு வேளைக்கு 12. பாசிப்பயறு 30 கிராம் அவித்தால் 7. மைசூர்ப் பருப்பு 40 கிராமில் 9. கடையில் சோயா மீட் என்று விற்கும் உலர்ந்த சோயாத் துண்டு 20 கிராமில் ஏறக்குறைய 10. நாள் முழுவதற்குமான 100 கிராம் அரிசியில் 7. கூட்டிப் பாருங்கள்: 57 கிராம். டின் இல்லாமலே கணக்கு நேராகிவிட்டது. மீன் உண்போர் சோயாவுக்குப் பதிலாக ஒரு துண்டு மீனோ, இடித்த நெத்தலியோ சேர்க்கலாம். சைவ உணவினர் அஞ்ச வேண்டியதில்லை. அரிசியின் புரதத்தில் குறைவாயுள்ள பகுதி பருப்பில் உண்டு. பருப்பில் குறைவாயுள்ளது அரிசியில் உண்டு. சோறும் பருப்பும் என்ற பழைய கூட்டு அறிவுள்ள கூட்டு. முட்டை உண்ணாதவர் பாலையும் தயிரையும் சோயாவையும் கூட்டிக்கொள்ளலாம்.

ஆனால் புரதம் மட்டும் போதாது. உடலை இயக்கும் சக்தியும் வேண்டும். அடுப்புக்கு விறகில்லாத வீட்டில் கதவுச் சட்டத்தைப் பிடுங்கி எரிப்பார்கள். அதுபோலச் சோறும் எண்ணெயும் குறைந்தால் உடல் புரதத்தையே எரித்துவிடும். கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி என்பது வழிகாட்டலின் அளவு. ஆகவே கஞ்சியைத் தண்ணீரில் காய்ச்சாமல் பாலில் காய்ச்சுங்கள், ஒரு கரண்டி பால்மா மேலும் கலக்குங்கள், தேங்காய்ப்பால் விடுங்கள், நிலக்கடலையை விழுதாய் அரைத்துச் சேருங்கள். ஒரே அளவுக் கோப்பைக்குள் இருமடங்கு சத்தை அடைப்பதே சூட்சுமம். ஏனெனில் நோயாளி கோப்பையின் அளவைத்தான் கண்டு பயப்படுவார்.

சீனியும் சோறும் கொடுத்தால் புற்று வளரும், பட்டினி போட்டால் புற்றுச் சாகும் என்றொரு பேச்சு இன்று எங்கும் உலவுகிறது. பட்டினி போட்டால் உடல் தன் சொந்தத் தசையை உருக்கிச் சர்க்கரை ஆக்கிக்கொள்ளும்; புற்றுக்கு வேண்டியது அப்போதும் கிடைத்துவிடும்; மெலிவது நோயாளி மட்டுமே. மெலிவு அபாயம் உள்ளவருக்கு உணவைக் குறைக்கும் எந்த முறையும் கூடாது என்று மேற்சொன்ன வழிகாட்டலே தெளிவாகக் கூறுகிறது. நீரிழிவும் சேர்ந்திருப்பவர் மட்டும் டொக்டரிடம் கேட்டு நடக்க வேண்டும்.

அப்படியானால் டின்கள் எல்லாம் ஏமாற்றா? அல்ல. அவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை அறிய ஒரு நல்ல ஆராய்ச்சி உதவும். போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரிலே பவுலா ரவஸ்கோ என்ற அம்மையாரும் அவருடைய துணைவர்களும் தலை, கழுத்துப் பகுதிகளில் புற்றுநோய் கொண்டு கதிர்ச் சிகிச்சை பெற்ற 75 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். முதற் கூட்டத்தினருக்கு, அவரவர் வழக்கமாக உண்ணும் உணவையே எப்படிச் சத்தேற்றி உண்பது என்று ஆளுக்கு ஆள் தனித்தனியே ஆலோசனை சொன்னார்கள். இரண்டாம் கூட்டத்தினருக்கு வழக்கமான உணவோடு புரதப் பானம் கொடுத்தார்கள். மூன்றாம் கூட்டத்தினர் தம் விருப்பம்போல் உண்டார்கள். 2005இல் வெளியான முடிவு யாது? சிகிச்சை முடியும்போது முதல் இரு கூட்டத்தினரின் உணவும் கூடியிருந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்கள் மட்டுமே அந்த நிலையைக் காத்திருந்தார்கள். பானம் நின்றதும் அதன் பயனும் நின்றுவிட்டது. சமைக்கக் கற்ற அறிவு வீட்டோடு தங்கிவிட்டது.

75 பேர் என்பது சிறு தொகை என்று சொல்வோர் உண்டு. பெரிய ஆராய்ச்சியும் உண்டு. சுவிற்சர்லாந்தின் எட்டு வைத்தியசாலைகளில், பல்வேறு நோய்களோடு போசாக்குக் குறைந்து வந்து தங்கிய 2088 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி 2019இல் வெளியாயிற்று. ஒவ்வொருவருக்கும் அளவறிந்து உணவு வகுத்துக் கொடுத்த கூட்டத்தில் 30 நாளுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 7 பேர். வைத்தியசாலையின் வழக்கமான உணவை உண்ட கூட்டத்தில் நூற்றுக்கு 10 பேர். அங்கே உணவு போதாத இடத்தில் சத்துப் பானமும் பயன்பட்டது. ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் ஆலோசனையோடு கூடிய வீட்டுணவு, அது போதாவிட்டால் அதன் மேலே சத்து மா, வாயால் உண்ணவே இயலாவிட்டால் குழாய் வழி உணவு.

குழாய் என்றதும் நம்மவர் மனம் உடைந்துவிடுகிறது. மூக்கு வழியே குழாய் போட்டால் கதை முடிந்தது என்று அழுகிறார்கள். பாலம் உடைந்தால் பஸ் சில வாரம் மாற்று வழியே ஓடுவதில்லையா? புண் ஆறும் வரை அதுவும் ஒரு மாற்று வழி. வைத்தியசாலையார் சொன்னால் மறுக்காதீர்கள்.

டின் வாங்குவோர் நான்கு விடயங்களை மனத்திற் கொள்ள வேண்டும். ஒன்று, முன்பக்கத்துப் படத்தைப் பாராமல் பின்பக்கத்து அட்டவணையைப் படியுங்கள். 100 கிராமில் எத்தனை கிராம் புரதம், எவ்வளவு சீனி என்று அங்கே அச்சிட்டிருக்கும். சாதாரண முழு ஆடைப் பால்மாவில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் உண்டு. பெயர்பெற்ற மோல்ற் பானமா பலவற்றில் அதன் பாதியும் இல்லை. இரண்டு, சிறுநீரக வருத்தம் உள்ளவருக்குப் புரதம் மிகுந்தால் தீங்காகலாம். நம் பதுளை மாவட்டத்திலேயே கிராந்துருக்கோட்டைப் பக்கம் சிறுநீரக நோய் பரவியிருப்பதை அறிவீர்கள். புற்றுநோய் மருந்துகளிலும் சில சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியவை. ஆகையால் கிளினிக்கில் கேளாமல் எந்தப் புரத மாவும் தொடங்கக் கூடாது. மூன்று, உடற்பயிற்சிக் கூடத்து இளைஞருக்கென்று செய்த மாவை நோயாளிக்குக் கொடுக்காதீர்கள். அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று டொக்டருக்குத் தெரிய வேண்டும். நான்கு, பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் கிடைக்கும் திரிபோஷாவை நோயாளிக்கென்று திருப்பாதீர்கள். 1973ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் வழங்கப்பட்டுவரும் அந்த மா சோளமும் சோயாவும் கொண்டு ஆக்கப்படுவது. அதே சோயா கடையிலும் உண்டு. பிள்ளையின் பங்கு பிள்ளைக்கே இருக்கட்டும்.

கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாகப் பிரியுங்கள். மிளகாயையும் புளியையும் குறைத்து, இளஞ்சூடாக, மசித்துக் கொடுங்கள். சோயாத் துண்டை ஊறவைத்துப் பிழிந்து நன்றாக அரைத்துவிடுங்கள். உப்பும் அப்பச்சோடாவும் சிறிது கலந்த வெதுவெதுப்பான நீரால், உண்ணுமுன்னும் பின்னும் வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். குமட்டல் உள்ளவருக்குக் காலையில் உலர்ந்த பிஸ்கற் கொடுத்துப் பாருங்கள். சாப்பாட்டோடு சாயத்தண்ணீர் வேண்டாம்; அது வயிற்றை நிரப்பும், உணவிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வதையும் குறைக்கும். மருந்து ஏற்றிய நாட்களில் கிருமியை எதிர்க்கும் சக்தி தாழ்ந்திருக்கும். ஆகவே முட்டையை முழுதாக அவியுங்கள். பச்சை முட்டை கூடாது. நீரைக் கொதிக்கவைத்து ஆற்றுங்கள்; நேற்றைய சோற்றைத் தவிருங்கள்.

விரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சிகிச்சை நடக்கும் வாரங்களில் கந்தசஷ்டி வந்தால், உபவாசம் இருந்தே தீருவேன் என்று தாய்மார் சிலர் பிடிவாதம் செய்கிறார்கள். நோயாளருக்கும் குழந்தைகளுக்கும் தள்ளாதவர்களுக்கும் விலக்கு அளிப்பதே நம் பெரியோர் வழக்கம். அவருக்காக வீட்டில் வேறொருவர் விரதம் ஏற்கலாம். அவர் உணவு உண்டு, மருந்து எடுத்து, மனத்தால் வழிபடட்டும். நவராத்திரிச் சுண்டலும், பயறு வைத்த மோதகமும் புரதம் நிறைந்த பண்டங்கள்தான். மசித்துக் கொடுத்தால் பிரசாதமே மருந்துணவாகும்.

இளைஞர்களே, இனி உங்களிடம் வருகிறோம். தோட்டத்திலே கொழுந்து நிறுக்கும் தராசு ஒரு கிலோவையும் விட்டுவைப்பதில்லை. அந்தக் கொழுந்தைப் பறித்தவருடைய நிறையை எழுதி வைத்திருப்பவர் எத்தனை பேர்? சங்கம் ஒரு நிறைத் தராசு வாங்கட்டும். சிகிச்சை பெறும் ஒவ்வொருவரையும், அவர் சம்மதித்தால், ஞாயிறுதோறும் நிறுத்து ஒரு கொப்பியில் திகதியோடு எழுதிக் கொடுங்கள். கிளினிக் போகும்போது அந்தக் கொப்பியும் போகட்டும். பதுளையிலும் மஹரகமவிலும் உள்ள டொக்டர்மார் ஆயிரம் பேரைப் பார்க்கிறவர்கள். நான்கு வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது என்று எழுத்திலே கண்டால், போசாக்கு ஆலோசனைக்கு அனுப்ப அதுவே போதும்.

இரண்டாவது பணி: நோயாளிக்காகப் பணம் திரட்டும்போது டின் வாங்கித் திரட்டுப் பணத்தை முடிக்காதீர்கள். ஒரு டின்னின் விலையில் எத்தனை முட்டை, எத்தனை பைக்கற் பால்மா, எத்தனை கிலோ பயறு என்று முதலில் கணக்குப் போடுங்கள். லயத்தில் அடுத்தடுத்த வீடுகள் முறை வைத்து ஒரு வேளைப் பருப்புக் கஞ்சி கொண்டுவந்தால், சம்பளம் இழந்த அந்த வீட்டின் பாதிச் சுமை குறையும். வைத்தியசாலையே சத்து மா எழுதித் தந்தால் அப்போது அதற்கென்று தாராளமாகக் கொடுங்கள்.

மூன்றாவது, வழித்துணை. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகிறவர் இங்கிருந்து பசறை, பதுளை என்று இறங்கி, பதுளையிலிருந்து கொழும்புவரை 290 கிலோமீற்றருக்கு மேல் இரயிலில் போக வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று பலர் ஒரு பணிசோடும் தேநீரோடும் பயணம் செய்கிறார்கள். துணைக்குப் போகும் தம்பி, அவித்த முட்டையும், கொதித்தாறிய நீரும், சுடுநீர்ப் போத்தலில் பாற்கஞ்சியும் எடுத்துச் சென்றால், அந்தப் பயணத்தில் இழக்கும் பலத்தில் ஒரு பங்கு மீளும்.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். தாம்பூலம் மங்கலப் பொருள். தட்டிலே வைத்து வழங்குங்கள். புகையிலையோ அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக நம்மிடம் வந்த சரக்கு. நம் மூதாதையரின் தட்டில் அது இருந்ததில்லை. கலியாண வீட்டுத் தட்டிலிருந்து அதை முதலில் எடுத்துவிடுங்கள். மெல்லும் பழக்கத்தைப் பாக்கோடு சேர்த்தே கைவிடுங்கள். வாயிலே வெள்ளைத் தழும்போ, சிவந்த தழும்போ, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ, வாய் முழுதும் திறக்க முடியாத இறுக்கமோ கண்டால் வெட்கப்படாமல் காட்டுங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் வைத்தியமும் சுருங்கும். இத்தனை உணவுக் கணக்கும் சுருங்கும்.

நாம் சொன்னவை பெரிய தத்துவங்களல்ல. பத்தியத்தின் பேரால் விலக்கிய முட்டையையும் பருப்பையும் பாலையும் மறுபடி நோயாளியின் கோப்பைக்கு அழைத்து வாருங்கள். வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். டின் வேண்டுமா என்பதைக் கடைக்காரரிடம் கேளாமல் கிளினிக்கில் கேளுங்கள். இம்மூன்றையும் இந்த ஆண்டு நம் சங்கம் ஏற்று நடத்துமானால், அடுத்த ஆண்டு மலரில் நாம் வெளியிடும் கணக்கில் ரூபாய்களோடு கிலோக்களும் இடம்பெறும்.